எண்ணெய் ஊத்துறது ரிப்பேர் இல்லை: ஒரு படகு ஸ்டியரிங்கின் கதை

(எபிசோட்டின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த சில இடங்கள் மட்டும் சுருக்கப்பட்டுள்ளன.)

போன எபிசோட்ல மெமரி லீக் பத்திப் பேசினோம். சர்வர் மெதுவாகும், யாராவது ஒருத்தர் ரீஸ்டார்ட் பண்ணுவாங்க, எல்லாரும் நிம்மதியா தூங்கப் போவாங்க. இன்னைக்கும் லீக் பத்திதான் பேசப் போறேன். ஆனா இது கம்ப்யூட்டர்ல இல்ல, படகுல. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துல, என் தாய்மாமாவோட விசைப்படகுல ஸ்டியரிங் எண்ணெய் ஒழுகின கதை. இதுல நான் பண்ணின ஒரு தப்பும் இருக்கு, அதையும் மறைக்காம சொல்லிடறேன்.

கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் பண்ற காலம்னு விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த ரெண்டு மாசம்தான் படகுக்காரங்களுக்கு ரிப்பேர் சீசன். பெயிண்ட், பலகை, எஞ்சின், வலை எல்லாத்தையும் அப்பதான் பார்ப்பாங்க. மே மாசம் லீவு போட்டு ஊருக்குப் போனப்ப மாமா வீட்ல இல்ல, படகுல இருந்தாரு. போய்ப் பார்த்தா பின்பக்கம் தளத்துக்குக் கீழ இருக்கிற குறுகலான அறையில குனிஞ்சு உக்காந்திருக்காரு. பக்கத்துல ஒரு எண்ணெய் கேன், ஒரு புனல்.

"என்ன மாமா பண்ணுதீங்க?"

"ஸ்டியரிங்குக்கு எண்ணெய் விடுதேன் மருமவனே. கொஞ்சம் குடிக்கி."

அந்த "கொஞ்சம் குடிக்கி"ங்கிற வார்த்தைதான் இந்த எபிசோட்.

முதல்ல இந்த சிஸ்டம் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லிடறேன். பழைய விசைப்படகுகள்ல செயின் ஸ்டியரிங். வீல்ஹவுஸ்ல வீலைத் திருப்பினா செயினும் கம்பியும் பின்னாடி வரைக்கும் போய் சுக்கானை இழுக்கும். கை வலிக்கும், செயின் துருப்பிடிக்கும், ஆனா எது போச்சுன்னு கண்ணால பார்க்கலாம். ஹைட்ராலிக்ல வீலுக்குப் பின்னாடியே ஒரு சின்ன பம்ப் இருக்கு. வீலைச் சுத்தினா பம்ப் எண்ணெயைத் தள்ளும். ரெண்டு ஹோஸ் வழியா அது பின்பக்கம் இருக்கிற சிலிண்டருக்குப் போகும். சிலிண்டருக்குள்ள ஒரு பிஸ்டன், அதிலிருந்து வெளியே நீட்டிட்டு இருக்கிற பளபளப்பான கம்பிதான் ராடு. ராடு சுக்கானைத் தள்ளும், இழுக்கும். வலது பக்கம் திருப்பினா ஒரு ஹோஸ்ல எண்ணெய் போகும், இன்னொரு ஹோஸ்ல திரும்பி வரும். இடது பக்கம்னா தலைகீழ்.

ஒரு கையால திருப்புறோம், எப்படி அவ்வளவு பெரிய சுக்கான் நகருது? ஒரு கணக்கு பார்ப்போம். சிலிண்டரோட உள்விட்டம் 40 மில்லிமீட்டர்னு வெச்சுக்குவோம். பிஸ்டன் முகத்தோட பரப்பு சுமார் 12.5 சதுர சென்டிமீட்டர். எண்ணெய் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோன்னா, பிஸ்டன்ல விழுற விசை 600 கிலோவுக்கு மேல. மூடின பாத்திரத்துல இருக்கிற திரவத்தை ஒரு இடத்துல அழுத்தினா அந்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் குறையாம போகும்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே, அந்த பாஸ்கல் விதிதான். அந்த விதிக்கு ஒரு நிபந்தனை இருக்கு. பாத்திரம் மூடியிருக்கணும். ஒழுகுற பாத்திரத்துக்கு பாஸ்கல் பொறுப்பில்ல.

மாமா சொன்ன "கொஞ்சம்" எவ்வளவுன்னு நான் எண்ணிப் பார்த்தேன். படகு சும்மா நிக்கும்போது ஒழுகவே இல்ல. ஒருத்தர் வீலை ஆட்டிக்கிட்டே இருந்தா சுமாரா பத்து நொடிக்கு ஒரு சொட்டு. தூத்துக்குடி விசைப்படகுகள் காலைல 5 மணிக்குப் போய் ராத்திரி 9 மணிக்குள்ள திரும்பணும், அதாவது 16 மணி நேரம். அந்த வேகத்துலயே ஒழுகினா 5,760 சொட்டு. ஒரு மில்லிக்கு இருபது சொட்டுன்னு வெச்சா கிட்டத்தட்ட 290 மில்லி. ஒரு டீ டம்ளரை விட ரெண்டு மடங்கு. வீலுக்குப் பின்னாடி இருக்கிற சின்ன பம்ப்புக்குள்ள மொத்தமா பிடிக்கிற எண்ணெயே பொதுவா ஒரு லிட்டர்கூட இருக்காது. அதனாலதான் மாமா ஒவ்வொரு தடவை கடலுக்குப் போறதுக்கு முன்னாடியும் கேனைத் தூக்கியிருக்காரு. ஆறு மாசமா.

நான் திட்டினேன். அவர் சிரிச்சாரு. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, யார்கிட்டயும் சொல்லாத ஒன்ன என்கிட்ட சொன்னாரு. தடைக்காலத்துக்கு முன்னாடி கடைசியா போன நாள்ல ஸ்டியரிங் போயிருக்கு. வலை கடல்ல கிடக்கு, எஞ்சின் நல்லா ஓடுது, வீலைத் திருப்பினா சும்மா சுத்துது. எடையே இல்ல. சுக்கான் ஒரு பக்கமா சாஞ்சு நின்னுக்கிச்சு, படகு வட்டம் போட ஆரம்பிச்சுது. வட்டம் போடுற படகுக்குப் பின்னாடி வலை இருந்தா என்ன ஆகும்? கயிறு புரொப்பல்லர்ல சுத்தும். எஞ்சினை நிறுத்தி, வலையைக் கையால இழுத்து ஏத்தி, சுக்கான் தண்டோட தலையில மாட்டுற இரும்புக் கம்பியைத் தேடி எடுத்து, ரெண்டு பேர் பின்னாடி நின்னு கையால திருப்பிக்கிட்டே கரைக்கு வந்திருக்காங்க. அந்தக் கம்பி படகுல இருந்ததுதான் அதிர்ஷ்டம்.

"அன்னைக்குக் காத்து இல்ல மருமவனே. அதான் பொழச்சோம்"னாரு.

அந்த வரியோட அர்த்தம் கடற்கரைக்காரங்களுக்குப் புரியும். தடைக்காலம் முடியிற ஜூன்லதான் கச்சான் காத்து பலமா அடிக்கிற காலம். அது கரையிலிருந்து கடலுக்குத் தள்ளுற காத்து. திருப்ப முடியாத படகை அது கிழக்கே தள்ளிக்கிட்டே போகும். கிழக்கே இலங்கைக் கடல். எல்லை தாண்டினா கைது, படகு பறிமுதல். ஸ்டியரிங் போச்சு, நாங்களா வரலைன்னு அங்க போய் யார்கிட்ட நிரூபிக்கிறது? ஒரு சொட்டு எண்ணெய்க்கும் இன்னொரு நாட்டு ஜெயிலுக்கும் நடுவுல அவ்வளவு தூரம் இல்லைன்னு அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது.

இப்ப என்னோட தப்பு. நான் இஞ்சினியர், மெக்கானிக்கல் இல்ல, ஆனா ராத்திரி முழுக்க வீடியோ பார்த்தேன். மறுநாள் டார்ச் அடிச்சுப் பார்த்தா, சிலிண்டருக்குக் கீழ ஹோஸ் நட்டுலதான் சொட்டு தொங்குது. கண்டுபிடிச்சாச்சு! நட்டைக் கழட்டி, பைப்புக்குச் சுத்துற வெள்ளை டெஃப்லான் டேப்பை நல்லா நாலு சுத்து சுத்தி, முறுக்கி இறுக்கினேன். மாமாவுக்கு ஒரே பெருமை.

சாயங்காலம் பார்த்தா சொட்டு அதே இடத்துல தொங்குது. அது மட்டும் இல்ல, புதுசா ஒரு கோளாறு. வீலை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி விட்டுட்டு, சுக்கானை ரெண்டு பேர் தள்ளினா அது மெதுவா நகருது. முன்னாடி அப்படி நகரல.

அதுக்கப்புறம்தான் மாமா ஒரு மெக்கானிக் அண்ணனைக் கூட்டிட்டு வந்தாரு. துறைமுகத்துல முப்பது வருஷமா வேலை பார்க்கிறவர். அவர் முதல்ல ஸ்பேனரை எடுக்கவே இல்ல. ஒரு பழைய துணியும் ஒரு டப்பா முகப்பவுடரும் கேட்டாரு. சிலிண்டர், ஹோஸ், நட்டு எல்லாத்தையும் சொட்டு ஈரம் இல்லாம துடைச்சாரு. மேல பவுடரைத் தூவினாரு. "இப்ப போய் வீலை ஒரு பக்கம் கடைசி வரைக்கும் திருப்பி, விடாமப் பிடிங்க"ன்னாரு. கடைசி வரைக்கும் போன பிறகும் பிடிச்சு அழுத்தினா உள்ள அழுத்தம் ஏறும். ஒழுக்கு எங்க இருந்தாலும் அப்ப வெளிய வரும்.

ஒரு நிமிஷத்துல பவுடர்ல ஒரு கறுப்புக் கோடு. நட்டுல இல்ல. சிலிண்டரோட முனையில, ராடு வெளியே வர்ற இடத்துல. அங்கிருந்து எண்ணெய் சிலிண்டர் உடம்பு வழியா நகர்ந்து, ஹோஸ் மேல ஓடி, இருக்கிறதுலயே தாழ்வான நட்டுல போய்ச் சொட்டா தொங்குது.

"தம்பி, சொட்டு விழுற இடம் வேற, ஒழுகுற இடம் வேற. எண்ணெய் எப்பவும் பள்ளத்தைப் பாத்துதான் போகும்"னாரு.

நம்ம வேலையிலயும் இது இருக்கு. எரர் தெரியிற வரியில பக் இருக்கணும்னு அவசியம் இல்ல. இதை நான் ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவன். எண்ணெய்னு வந்ததும் மறந்துட்டேன்.

ரெண்டாவது கோளாறு என்னோடது. வீலை விட்டுட்டாலும் சுக்கான் நின்ன இடத்துலயே நிக்கணும்னு பம்ப்புக்குள்ள ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வால்வு இருக்கு. ஒரு திசையில மட்டும் எண்ணெயை விடும், அலை வந்து சுக்கானை அடிச்சா திரும்பி வர விடாது. அண்ணன் அதைக் கழட்டினாரு. உள்ள ஒரு சின்ன வெள்ளை நூல். என் டெஃப்லான் டேப். இறுக்கும்போது பிசிறு கிழிஞ்சு எண்ணெயோட பயணம் பண்ணி, வால்வு உக்கார்ற இடத்துல உக்காந்துக்கிச்சு. தலைமுடி அளவு இடைவெளி போதும், வால்வு மூடாது. ஹைட்ராலிக் இணைப்புல டேப் போடக் கூடாதுங்கிறது இதுக்காகத்தான். எந்த இணைப்புக்கு பேஸ்ட் மாதிரி இருக்கிற சீலன்ட், எதுக்கு ஓரிங், எதுக்கு எதுவுமே வேண்டாம்னு தயாரிப்பாளர் கையேட்டுலயே இருக்கும். மாமா அந்தக் கையேட்டைப் பத்திரமா வெச்சிருந்தாரு, பிளாஸ்டிக் கவரைப் பிரிக்காமலே.

அடுத்து சீல். இங்க ஒரு சின்ன சரித்திரம். 1795-ல இங்கிலாந்துல ஜோசப் பிரமா ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினாரு. தத்துவம் சரி, ஆனா ராடு வெளிய வர்ற இடத்துல ஒழுக்கு. சீலை இறுக்கினா ராடு நகராது, தளர்த்தினா ஒழுகும். அதைத் தீர்த்தது அவர்கிட்ட வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லேன்னு சொல்லுவாங்க. தோலைக் கிண்ணம் மாதிரி வளைச்சு, கிண்ணத்தோட வாய் அழுத்தம் வர்ற பக்கம் பார்க்கிற மாதிரி வெச்சாரு. அழுத்தம் கூடக் கூட அந்த விளிம்பே விரிஞ்சு ராடை இறுக்கிப் பிடிக்கும். அழுத்தம் இல்லாதப்ப தானா தளரும். நம்ம சைக்கிள் பம்ப்ல இருக்கிற தோல் வாஷரும் இதே குடும்பம்தான். இன்னைக்கு தோலுக்குப் பதிலா ரப்பரும் பாலியூரித்தேனும். ஆனா விதி அதேதான்: விளிம்பு எண்ணெய் இருக்கிற பக்கம் பார்க்கணும். திருப்பிப் போட்டா புது சீலும் முதல் நாளே ஒழுகும். பழசைக் கழட்டும்போதே எந்தப் பக்கம் பார்த்துட்டு இருந்துச்சுன்னு ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

சரி, புது சீல் போட்டா முடிஞ்சுதா? அண்ணன் ராடை வெளிய இழுத்து, துடைச்சு, நகத்தால நீளவாக்குல தடவினாரு. என் கையைப் பிடிச்சு, "நீங்களும் தடவுங்க"ன்னாரு. ஒரு இடத்துல நகம் தட்டுது. கண்ணுக்குச் சின்னக் கறுப்புப் புள்ளிதான். உப்புத் தண்ணி குரோம் பூச்சுக்குள்ள இறங்கி துருக்குழி விழுந்திருக்கு. ஒவ்வொரு தடவை ராடு உள்ள போய் வரும்போதும் அந்தக் குழியோட ஓரம் சீலை ரம்பம் மாதிரி அறுக்கும். புது சீல் போட்டா ரெண்டு மூணு மாசம் நல்லா இருக்கும். அப்புறம் திரும்பவும் கேன், புனல்.

இங்கதான் நிஜமான பிரச்சனை. சீல் மலிவு. ராடு மலிவு இல்ல. புதுசா கடைஞ்சு, குரோம் பூச வெளியூருக்கு அனுப்பி, வர நாளாகும். தடைக்காலத்துல வருமானம் கிடையாது. மாமா கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு. "சீலை மட்டும் போட்ருவோம். சீசன் ஓடட்டும், தீபாவளிக்குப் பாத்துக்கிடுவோம்"னாரு. எனக்கு அவர் மேல கோபம் வரல. நானும் எத்தனையோ தடவை இதே வாக்கியத்தை ஆபீஸ் மீட்டிங்ல சொல்லியிருக்கேன், வேற வார்த்தைல.

அன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது அவருக்கு ஒரு கப்பல் கதை சொன்னேன். அமோக்கோ காடிஸ்னு ஒரு எண்ணெய்க் கப்பல். 1978 மார்ச் 16, பிரான்ஸோட பிரிட்டனி கடற்கரைக்கு அப்பால, மோசமான வானிலை. காலைல ஸ்டியரிங் போச்சு. ஹைட்ராலிக் இணைப்புல இருந்த ஸ்டட்டுகள் உடைஞ்சு எண்ணெய் பீச்சி அடிச்சுது. இஞ்சினியர்கள் போராடிப் பார்த்தாங்க, சுக்கான் அலைக்கு ஏத்த மாதிரி ஆட ஆரம்பிச்சுது. இழுவைக் கப்பல் வந்துச்சு, கயிறு அறுந்துச்சு. ராத்திரி கப்பல் பாறையில மோதி உடைஞ்சுது. 2 லட்சத்து 20 ஆயிரம் டன் அளவுக்கு எண்ணெய் கடல்ல கொட்டி, 300 கிலோமீட்டருக்கு மேல கடற்கரை கறுத்துப் போச்சு. 1984-ல சிகாகோ நீதிமன்றம் கம்பெனியைப் பொறுப்பாக்கினப்ப, ஸ்டியரிங் கியர் பராமரிப்புல இருந்த அலட்சியமும் அதுக்கு ஒரு காரணம். அந்த விபத்துக்கு அப்புறம்தான் சர்வதேச விதிகள் மாறிச்சு. பெரிய எண்ணெய்க் கப்பல்கள்ல ஒரு இடத்துல கோளாறு வந்து ஸ்டியரிங் போனா 45 நொடிக்குள்ள திரும்பக் கிடைச்சாகணும். கப்பல் கிளம்புறதுக்கு முன்னாடி 12 மணி நேரத்துக்குள்ள ஸ்டியரிங்கைச் சோதிச்சுப் பார்க்கணும். இப்ப நம்ம வ.உ.சி. துறைமுகத்துல நிக்கிற சரக்குக் கப்பல்களுக்கும் அந்தச் சோதனை உண்டு.

மாமா கேட்டுட்டு, "அது கப்பல்லா"ன்னாரு. நான், "படகுல எத்தனை பேரு மாமா?"ன்னு கேட்டேன். பதில் சொல்லாம எழுந்து கை கழுவப் போயிட்டாரு. மறுநாள் காலைல ராடைத் துணியில சுத்தி எடுத்துக்கிட்டு லேத் பட்டறைக்குக் கிளம்பினாரு. அத்தையோட வளையல் ரெண்டு அடகுக்குப் போனது எனக்குப் பின்னாடிதான் தெரியும்.

ராடு வந்த பிறகு மாட்டுறது சுலபம். கஷ்டமான வேலை காத்து எடுக்கிறது. எண்ணெயை அழுத்தினா சுருங்காது, காத்து சுருங்கும். ஹோஸுக்குள்ள காத்து இருந்தா நீங்க வீலைத் திருப்புற பலம் சுக்கானுக்குப் போகாது, காத்தை அமுக்குறதுலயே போயிடும். வீல் பஞ்சு மாதிரி இருக்கும். சிலிண்டரோட ரெண்டு முனையிலயும் ஒரு சின்னத் திருகு இருக்கு. அதுல தெளிவான பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையை எண்ணெய் இருக்கிற பாட்டில்ல முக்கி வைக்கணும். ஒருத்தர் வீல்ல, ஒருத்தர் சிலிண்டர்ல, ஒருத்தர் புனலோட பம்ப்புல. நான் வீல்.

"திருப்பு!" திருப்பினேன். "குமிழி வருது, திருப்பு!" திருப்பினேன். "எண்ணெய் இறங்குது, ஊத்து!" பம்ப்புல எண்ணெய் காலியானா அதுவே புதுசா காத்தை இழுத்துக்கும், முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். நாங்க ரெண்டு தடவை முதல்லேர்ந்து ஆரம்பிச்சோம். குமிழி இல்லாம சுத்தமான எண்ணெய் வந்ததும் அந்தத் திருகை மூடிட்டு, அடுத்த பக்கம். ஒன்றரை மணி நேரம் ஆச்சு. கடைசி முறை திருப்பும்போது வீல்ல ஒரு கனம் தெரிஞ்சுது பாருங்க, கைக்கும் சுக்கானுக்கும் நடுவுல ஒரு இரும்புக் கம்பியே இருக்கிற மாதிரி.

எண்ணெய் பத்தி ஒரு எச்சரிக்கை. கையேட்டுல சொன்ன ஹைட்ராலிக் எண்ணெயைத்தான் ஊத்தணும். அவசரத்துக்கு பிரேக் ஆயில் ஊத்துறவங்க இருக்காங்க. அது வேற ரசாயனம், இந்த ரப்பர் சீல்களை உப்ப வெச்சுக் கெடுத்துடும். இன்னொண்ணு, அழுத்தத்துல இருக்கிற ஹோஸ்ல ஓட்டை எங்கன்னு விரலால தேடாதீங்க. ஊசி ஓட்டையிலிருந்து வர்ற எண்ணெய் தோலுக்குள்ளயே இறங்கும். அட்டையை வெச்சுப் பாருங்க.

வடிச்ச பழைய எண்ணெயைக் கடல்ல ஊத்தல, கேன்ல பிடிச்சு பழைய எண்ணெய் வாங்குற கடையில கொடுத்தோம். ஆறு மாசமா ஒழுகினது எங்க போச்சுன்னு யோசிச்சேன். படகோட அடியில தேங்குற தண்ணியில கலந்து, பம்ப் போட்டு இறைக்கும்போது கடலுக்குப் போயிருக்கு. மன்னார் வளைகுடாவோட 21 தீவுகள்ல வான், காசுவார், கரியாச்சல்லி எல்லாம் தூத்துக்குடி பக்கம்தான். சுத்தி பவளப்பாறை. இன்னும் தள்ளிப் போனா முத்துப்பார்கள். 1961-க்கு அப்புறம் அங்க முத்துக்குளிப்பு நடக்கல. ஒரு படகோட ஒரு டம்ளர் எண்ணெய் பெரிய விஷயம் இல்லைன்னு தோணும். துறைமுகத்துல வரிசையா நிக்கிற படகுகளைப் பார்த்தா அப்படித் தோணாது.

கடைசியா சோதனை. ஒரு கடைசிலேர்ந்து இன்னொரு கடைசிக்கு வீல் எத்தனை சுத்துன்னு எண்ணினோம். ராடு ஒரு பக்கம் மட்டும் இருக்கிற சிலிண்டர்னா வலது இடது எண்ணிக்கை கொஞ்சம் வேறுபடும், ஏன்னா ராடு இருக்கிற பக்கம் குறைஞ்ச எண்ணெய்தான் பிடிக்கும். அது கோளாறு இல்ல. ஆனா அந்த எண்ணிக்கை நாளாக நாளாகக் கூடினா, உள்ளுக்குள்ள எண்ணெய் நழுவுதுன்னு அர்த்தம். வெளிய ஒரு சொட்டுகூட தெரியாது. அதனால எண்ணிக்கை, எண்ணெய் அளவு, தேதி மூணையும் வீல்ஹவுஸ் சுவத்துல மார்க்கர்ல எழுதி வெச்சேன். "இனிமே ஒவ்வொரு திங்கக்கிழமையும் எழுதுங்க மாமா"ன்னேன். சுக்கான் தண்டுல மாட்டுற அந்த இரும்புக் கம்பிக்கும் ஒரு இடம் போட்டோம். தேடாம கைக்கு எட்டுற இடம்.

சிலிண்டருக்குக் கீழ ஒரு செய்தித்தாளை விரிச்சு வெச்சுட்டு நான் ஊரை விட்டுக் கிளம்பினேன். தடைக்காலம் முடிஞ்சு மாமா முதல் தடவை கடலுக்குப் போயிட்டு வந்த ராத்திரி, வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ வந்துச்சு. மீன் இல்ல, படகு இல்ல. ஒரு காய்ஞ்ச செய்தித்தாள். கீழ ஒரே வரி: "கச்சான் நல்ல அடி. குடிக்கல."

அவ்வளவுதான் மக்களே. உங்க வீட்ல, வண்டில, வேலையில நீங்க ரொம்ப நாளா எண்ணெய் மட்டும் ஊத்திட்டு இருக்கிற ஒண்ணு இருந்தா, இந்த வாரம் ஒரு துணியும் பவுடரும் எடுத்துட்டுப் போய்ப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.